எரிமேடைக்கு ஒரு வியூக வரைபடம்

அவரை எல்லோரும் மேடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக அறிமுகமாகிறவர்கள் நாடக நடிகரோ பேச்சாளரோ என்று நினைத்துக்கொண்டு, "அடுத்த நிகழ்ச்சி எங்க சார்?" என்று ஆசையாகக் கேட்பார்கள். நகராட்சி எரிமேடையின் மேற்பார்வையாளர் என்று தெரிந்ததும், குலுக்கிக்கொண்டிருந்த கையை நைசாக உருவிக்கொள்வார்கள். மேடைக்காரருக்கு அதில் வருத்தம் கிடையாது. கை கொடுத்தவர்கள் எல்லோரும் ஒருநாள் முழுசாகவே வந்து சேரப்போகிறவர்கள்தானே.

எரிமேடையில் இரண்டு எரிவாயு உலைகள். ஒன்று படுத்த படுக்கையாகிப் பல மாதம் ஆகிறது. அதன் வேலையையும் சேர்த்து இழுத்ததில் மற்றொன்றுக்கும் இளைப்பு வந்துவிட்டது. உலைக்குக் காற்று ஊதும் புளோயர் தேய்ந்துபோய், நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்து புகையைக் கக்கியது. சட்டென்று முடிகிற வேலை அரை நாள் இழுத்தது. காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் அழுது முடித்து, செத்தவரின் பெருமையைப் பேசி முடித்து, பேச வேறொன்றும் இல்லாமல் வீட்டுப் பாகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும்.

"சீக்கிரம் முடிச்சு அனுப்பிட்டோம்னா ஒத்துமையா வீடு போய்ச் சேருவாங்க," என்பார் உலைக்காரர். "லேட்டானா இங்கயே அடுத்த கேஸ் விழுந்துடும் போல இருக்கு."

மேடைக்காரர் புளோயர் கேட்டு நகராட்சிக்கு எழுதினார். புளோயர் வரவில்லை. பயிற்சிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது.

நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில், பிணவறையைத் தோற்கடிக்கும் குளிரில், எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். தெருவிளக்கு, பூங்கா, குடிநீர், நூலகம், தெருநாய். முன்னால் கூர்மூக்கு ஷூ போட்ட ஆலோசகர் நின்றிருந்தார்.

"இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் வெறுமனே வேலை செஞ்சிட்டிருந்தீங்க," என்று கையும் களவுமாகப் பிடித்தவர் போல ஆரம்பித்தார். "இனிமே வியூகம் செய்யப் போறீங்க."

திரையில், பிரிவுகளுக்கு மதிப்பெண் போடும் ஸ்கோர்கார்டு மென்பொருள் விரிந்தது. அதற்குள் ஸ்ட்ராட்டஜி மேப் என்கிற வியூக வரைபடம். பார்ப்பதற்கு நான்கு மாடிக் கட்டடம் மாதிரி இருந்தது. மேல்மாடியில் நிதி, அடுத்ததில் வாடிக்கையாளர், அதற்குக் கீழே உள்செயல்முறை, தரைத்தளத்தில் கற்றலும் வளர்ச்சியும். மாடிக்கு மாடி வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு நோக்கம். வட்டத்துக்கு வட்டம் அம்பு. எல்லா அம்புகளும் ஏறி ஏறி, மொட்டைமாடியில் எழுதியிருந்த தொலைநோக்கில் போய்க் குத்த வேண்டும். தொலைநோக்கு இதுதான்: 'புன்னகைக்கும் நகரம்'. நன்றாக நடக்கும் வட்டம் பச்சை, தள்ளாடுவது மஞ்சள், உருப்படாதது சிவப்பு.

"உங்க பிரிவோட நோக்கம் என்ன?" என்று ஆலோசகர் மேடைக்காரரைக் கேட்டார்.

"எரிக்கறதுங்க."

"அது செயல்பாடு. செயல்பாடு வேற, நோக்கம் வேற. எதுக்கு எரிக்கறீங்க?"

மேடைக்காரர் இதுவரை அப்படி யோசித்ததில்லை. "செத்துப் போயிட்டதாலங்க."

"அது காரணம்." ஆலோசகர் பொறுமையாகப் பெருமூச்சு விட்டார். "சரி, வாடிக்கையாளருக்கு வருவோம். உங்க வாடிக்கையாளர் யாரு?"

"செத்தவங்கதாங்க."

"திருப்தியா இருக்காங்களா?"

"இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்லைங்க."

ஆலோசகர் தட்டினார். வட்டம் பளிச்சென்று பச்சையானது. அறை கைதட்டியது. நூலகம் பொறாமையோடு திரும்பிப் பார்த்தது. மேடைக்காரருக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"அருமை. அடுத்தது மறுவருகை விகிதம். ஒரு தடவை உங்க சேவையைப் பயன்படுத்தினவங்கள்ல எத்தனை பேர் திரும்ப வர்றாங்க?"

மேடைக்காரர் ஒரு தடவை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"யாரும் வர்றதில்லைங்க."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர் வந்துட்டாலும் நான் வேலையை விட்டுட்டு ஓடிடுவேங்க."

வட்டம் சிவப்பானது. அந்த ஒரு வட்டத்தை மட்டும் எடுத்துவிட முடியாதா என்று மேடைக்காரர் கெஞ்சிப் பார்த்தார். எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே அச்சுதான், ஒன்றை எடுத்தால் மென்பொருளே திறக்காது என்றார் ஆலோசகர். தெருநாய்ப் பிரிவுக்குக்கூட அதே வட்டம்தானாம். அங்கே மறுவருகை அமோகம்.

கடைசியில் ஆணையர் வந்தார். சிவப்பு வட்டத்தின் முன்னால் நின்று, குழந்தையின் கன்னத்தைத் தட்டுவது போலத் திரையைத் தட்டினார்.

"சிவப்பைப் பாத்து யாரும் பயப்படாதீங்க. சிவப்புங்கறது வாய்ப்பு. நிறம்தான் முக்கியம், நிலைமை முக்கியமில்லை. நிறம் மாறிட்டா நிலைமை தானா மாறிடும். மாறலைன்னாலும் நமக்குத் தெரியாது." பிறகு மேடைக்காரர் பக்கம் திரும்பினார். "இது எனக்கு சீக்கிரம் மஞ்சளாவது ஆகணும்."

"ஐயா, ஒரு புளோயர் கேட்டு…"

"எல்லாம் மேப்ல போடுங்க. மேப்ல இல்லாதது உலகத்துல இல்லை."

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் நகராட்சிப் பிரசவ விடுதியில் தலைமைச் செவிலி. அவரும் அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தவர்தான்.

"எங்களுக்கு மறுவருகை பச்சைங்க. மூணாவதுக்கு வந்தவங்ககூட இருக்காங்க. இனிமே வந்தா காலை ஒடிச்சிடுவேன்னு அந்தப் புருஷனைத் திட்டி அனுப்பினேன். அப்புறம் பாத்தா அது எங்களோட சாதனையாம்."

"நீ சிரி. நான் எங்க போய் முட்டிக்கறது?"

முட்டிக்கொள்ளும் இடத்தை ஆலோசகரே காட்டினார். செத்தவர் திரும்ப வராவிட்டாலும் அவர் குடும்பம் வரலாம் அல்லவா? ஆகவே குடும்பத்தையும் வாடிக்கையாளராகக் கணக்கில் எடுக்கலாம். தொடர்பில் இருப்பதுதான் முக்கியம். பேச வேண்டியதை அச்சடித்தும் கொடுத்துவிட்டார். மேடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினார்.

"வணக்கங்க, எரிமேடையிலிருந்து பேசறோம். போன தடவை எங்க சேவை உங்களுக்குப் பிடிச்சிருந்ததா? மறுபடியும் உங்களை எப்ப எதிர்பார்க்கலாம்?"

எதிர்முனை பிடித்துக்கொண்டது. மேடைக்காரரின் மூன்று தலைமுறையை எழுப்பி உட்காரவைத்துத் திட்டிவிட்டு, நேரில் வந்தால் அவரை எந்த உலையில் போடுவார்கள் என்பதையும் விளக்கிவிட்டு வைத்தது. அடுத்த எண்ணில் ஒரு பெண்மணி. தன் மாமியார் இருக்கும் நிலையைப் பார்த்தால் இப்போதே பதிவு செய்துகொள்ள முடியுமா என்று தணிந்த குரலில் விசாரித்தார். அதற்கடுத்து ஒரு கிழவர். கேள்வியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுல இப்ப நான் ஒருத்தன்தான் பாக்கி தம்பி. வர்றதுன்னா நான்தான் வரணும். அவசரமா?"

மேடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவசரமே இல்லைங்க. நிதானமா வாங்க. வராமலே இருந்தாலும் ரொம்ப சந்தோஷம்."

"நல்ல மனுஷனா இருக்கீங்க. போன் பண்ண நமக்கும் யார் இருக்கா? நாளைக்கும் கூப்பிடுங்க," என்றார் கிழவர்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை, அந்தக் கிழவரைத் தவிர. வட்டம் சிவப்பாகவே இருந்தது.

புளோயரின் கதை இன்னும் மோசம். 'புளோயர் மாற்றுதல்' என்று ஒரு வட்டம் போட்டுத் தரைத்தளத்தில் வைத்தார். மென்பொருள் உடனே மணியடித்தது. திரையில் 'அநாதை வட்டம்' என்று எழுத்து மின்னியது.

"இதிலிருந்து எந்த அம்பும் மேல போகலை," என்றார் ஆலோசகர். "மேல போகாதது அநாதை."

"எங்ககிட்ட அநாதைன்னு வந்தா நாங்களே மாலை வாங்கிப் போட்டு மரியாதையா அனுப்பி வெப்போங்க. நீங்க என்ன செய்வீங்க?"

"மாசக் கடைசில மென்பொருளே அழிச்சிடும்."

மேடைக்காரர் அம்பு விட ஆரம்பித்தார். புளோயர் நன்றாக ஓடினால் நெருப்பு நன்றாக எரியும், நெருப்பு நன்றாக எரிந்தால் வேலை சீக்கிரம் முடியும், சீக்கிரம் முடிந்தால் குடும்பம் சண்டை போடாமல் வீட்டுக்குப் போகும், அப்படிப் போனால் நகரம் புன்னகைக்கும். அப்பாடா என்று அழுத்தினார். மென்பொருள் மறுத்துவிட்டது. புன்னகைக்குப் போகும் வழி பூங்காப் பிரிவுக்குச் சொந்தமாம். எரிமேடை அந்த வழியாகப் புன்னகைக்குள் நுழைய அனுமதி இல்லையாம்.

விஷயம் ஆணையர் வரைக்கும் போனது. ஆலோசகர் இரண்டு நாள் தாடையைச் சொறிந்து ஒரு வழி கண்டுபிடித்தார். அதைக் கேட்டதும் ஆணையர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பிரமாதம்! பிரசவ விடுதியிலிருந்து எரிமேடைக்கு நேரா ஒரு அம்பு! நம்ம விடுதியில பொறந்தவங்கதானே கடைசில நம்ம மேடைக்கு வர்றாங்க? ஒரே வாடிக்கையாளர், ரெண்டு தடவை! இதுதான்யா மறுவருகை! பிறப்பு முன்னறி குறியீடு, இறப்பு பின்விளைவு. இடையில நடக்கறதெல்லாம்…" ஆணையர் வார்த்தையைத் தேடினார்.

"உள்செயல்முறை சார்," என்றார் ஆலோசகர்.

"அதேதான்! மேடைக்காரரே, உங்க சிவப்பு பச்சையாயிடும். அந்த அம்பிலேயே உங்க புளோயரையும் தொத்தவெச்சு மேல ஏத்திடலாம். விடுதித் தலைமைச் செவிலி ஒப்புதல்னு ஒரு பொத்தானைத் தட்டினா போதும். உங்க வீட்டம்மாதானே?"

மேடைக்காரர் துள்ளிக்குதித்து வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, கைப்பேசியில் பொத்தானையும் திறந்து நீட்டினார். இந்த முறை மனைவி சிரிக்கவில்லை. தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"காலைல ஒரு பொண்ணு பொறந்துச்சுங்க. குறைமாசம். ரெண்டு கையில அடங்கிடுச்சு. அழுவுமா, அழுவாதான்னு டாக்டர்லேர்ந்து துடைக்கற அம்மா வரைக்கும் அப்படியே நின்னுட்டிருந்தோம். அழுதுச்சு. அத்தனை பேரும் சேர்ந்து அழுதோம்." கைப்பேசியை அவர் பக்கமே திருப்பினார். "அதுலேர்ந்து உங்க உலைக்குக் கோடு போடச் சொல்றீங்க. என் கையாலயே."

"கோடுதானேம்மா. சும்மா ஒரு கோடு…"

"கோடுதான். நீங்களே போடுங்களேன் பாப்போம்."

பொத்தானைத் தட்ட மேடைக்காரரின் விரலும் வரவில்லை. கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"விடு. சாப்பாடு ஆறிடப் போகுது," என்றார்.

மாசக் கடைசியில் மென்பொருள் புளோயர் வட்டத்தை அழித்தது. அடுத்த வாரமே புளோயரும் நின்றது. கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். உலைக்காரர் கழற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கெட்ட வார்த்தை சொல்லியும் பார்த்தார். விசிறித் தகடு சிதறிப் போயிருந்தது.

அன்றைக்குப் பார்த்து ஒரு தையல்காரம்மா தன் அப்பாவைக் கொண்டுவந்திருந்தார். கூட்டம் இல்லை, அவரும் பக்கத்துக் கடைக்காரர்கள் சிலரும்தான். காலையிலிருந்து காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"முடியாதுன்னா சொல்லிடுங்கண்ணே. வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு ஆளைப் பாக்கறேன்," என்று மட்டும் சொன்னார்.

கத்தியிருந்தால் மேடைக்காரர் தாங்கியிருப்பார். இதைத்தான் தாங்க முடியவில்லை. "இருங்கம்மா, வந்துடறேன்," என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் பறந்தார்.

நகராட்சி வளாகம் விழாக்கோலத்தில் இருந்தது. பந்தல், பூச்செண்டு, சிவப்புக் கம்பளம். 'சிறந்த வியூக நகரம்' விருது வாங்குகிறார்களாம். மேடையின் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மஞ்சள் முகம், காற்றடைத்த துணிப் பொம்மை, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது. புன்னகைக்கும் நகரம் அதுதான்.

மேடைக்காரர் ஆலோசகரை மடக்கிப் பிடித்தார். "சார், உலை நின்னு போச்சு. வெயில்ல பிரேதம் காத்திட்டிருக்கு. அவசரமா ஒரு புளோயர்…"

ஆலோசகர் கைக்கணினியைத் தட்டிப் பார்த்தார். "உங்க பிரிவுல பழுதுன்னு ஒண்ணுமே சிவப்பா இல்லையே."

"வட்டத்தைத்தான் அழிச்சிட்டீங்களே சார்! அப்புறம் எப்படிச் சிவப்பாகும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். பிரச்சினை தீர்ந்துடுச்சு." தோளைத் தட்டிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

மேடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் மேடைக்குப் பின்பக்கம் போய் நின்றார். அப்போதுதான் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. உம்மென்று, பிசிறில்லாமல், சுகமான சத்தம். மஞ்சள் முகத்தின் கழுத்துக்குப் பின்னால், துணிக்குழாயில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தது, புத்தம் புதிய புளோயர்.

அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போகும் என்பது தெரிந்தது. பென்ஷனும் கண்முன்னால் வந்து போனது. பிறகு உலைக்காரருக்குப் போன் செய்தார்.

"வண்டியை எடுத்துட்டு நகராட்சிக்கு வா. ஸ்பேனர் கொண்டா."

உலைக்காரர் வந்தது சவ வண்டியில். சவ வண்டியை எந்தக் காவலாளியும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. தன்னைத் தேடி வரவில்லை என்று தெரிந்தால் போதும், சலாம் வைத்து அனுப்பிவிடுவான். உலைக்காரர் புளோயரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வாய் கொஞ்சம் சின்னது. தகடு வெச்சுக் கட்டினா பொருந்திடும்," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

இருவரும் குந்தி உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தபோது ஒலிபெருக்கியில் ஆணையர் முழங்கிக்கொண்டிருந்தார்.

"முன்பெல்லாம் இந்த நகராட்சியில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது எதற்காக நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இன்று எதற்காக என்பது எல்லோருக்கும் தெரியும். வேலைதான் நடக்க வேண்டும், அதுவும் நடக்கும்! குழாயில் தண்ணீர் வராமல் இருக்கலாம். ஆனால் அது எந்த வட்டத்தில் நின்றுவிட்டது என்று ஒவ்வொரு குடிமகனுக்கும் நாம் காட்ட முடியும்! தெருவிளக்கு எரியாமல் இருக்கலாம், திரையில் எரிகிறதே! நண்பர்களே, சிலர் கேட்கிறார்கள், இந்தப் புன்னகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று…"

உலைக்காரர் கடைசித் திருகாணியை உருவினார். சத்தம் நின்றது.

மஞ்சள் முகம் முதலில் ஒரு கண்ணைச் சிமிட்டியது. பிறகு நெற்றி சுருங்கியது. வாய் கோணி, தாடை தொங்கி, பல்லெல்லாம் உள்ளே போய், பெருமூச்சோடு முன்பக்கமாகச் சாய்ந்து ஆணையரையும், விருதையும், பூச்செண்டையும் ஒருசேர மூடிக்கொண்டது. துணிக்கு அடியில் ஒலிபெருக்கி மட்டும் ஓயவில்லை. "…இது திட்டமிட்டதுதான்! யாரும் பதற வேண்டாம்! இதுவும் திட்டமிட்டதுதான்!" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சவ வண்டி நிதானமாக வாசலைத் தாண்டிப் போனது. காவலாளி சலாம் வைத்தான்.

தகரத்தை வெட்டி வாயில் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்கள். உலைக்காரர் பற்றவைத்தார். சுடர் ஒரு தடவை தும்மிவிட்டு நீலமாக நிமிர்ந்தது. பல மாதத்துக்குப் பிறகு அந்த நீலத்தைப் பார்த்ததில் மேடைக்காரருக்குக் கண் கலங்கியது. புகையால் கலங்கியது என்று சொல்லவும் வழியில்லை, புகையே இல்லை. தையல்காரம்மா அப்பாவின் நெற்றியில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு விலகி நின்றார். பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே எல்லாம் முடிந்தது. போகும்போது மேடைக்காரரின் சட்டையில் கிழிந்திருந்த தோளைப் பார்த்தார்.

"கடைக்கு வாங்கண்ணே, தைச்சுத் தர்றேன்," என்றார்.

இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். "அந்த வாய் கோணினதை இன்னொரு தடவை சொல்லுங்க," என்று மனைவி மூன்று தடவை சொல்லவைத்துச் சிரித்தார். பிறகு, "வேலை போனா போகட்டும். என் சம்பளம் இருக்கு," என்று தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டார்.

வேலை போகவில்லை. திருட்டு என்று எழுதினால் புன்னகை சிவப்பாகும், புன்னகை சிவப்பானால் விருது திரும்பிப் போகும், விருது போனால் ஆலோசகரின் ஒப்பந்தமும் பின்னாலேயே போகும். ஆலோசகர் ராத்திரியெல்லாம் யோசித்து, நடந்ததை 'பிரிவுகளுக்கிடையே வளப் பகிர்வு' என்று ஒரு புது வட்டமாகப் போட்டார். வட்டம் கரும்பச்சை. அப்படி ஒரு பச்சையை யாரும் அதுவரை பார்த்ததில்லையாம்.

அந்த வாரமே ஆணையர் கேடயத்தோடு எரிமேடைக்கு வந்தார். கூடவே ஆலோசகர், புகைப்படக்காரர், பூங்கா, நூலகம், தெருநாய் எல்லோரும். வாசலை அடைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஆணையர் மேடைக்காரரின் தோளில் கைபோட்டுப் பேச ஆரம்பித்தார்.

"இந்த எளிய ஊழியர் நமக்கு ஒரு பெரிய உண்மையை உணர்த்தியிருக்கிறார். அதாவது, வியூகம் என்பது…"

சாலையில் ஒரு சவ வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு வேன் நிறைய ஆட்கள். யாரோ ஒரு பெண் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். வண்டி உள்ளே வர இடமில்லை. ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தயங்கிக்கொண்டிருந்தார்.

மேடைக்காரர் ஆணையரின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் வழி விடுங்க சார். வேலை வந்திருக்கு."

ஆணையர் பேச்சை நிறுத்தினார். ஆலோசகர் ஒதுங்கினார். கேடயத்தை வாங்கி வைத்திருந்த பூங்காப் பிரிவுத் தலைவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வண்டி உள்ளே வந்தது. மேடைக்காரர் பின்கதவைத் திறந்து, இறங்கிய பெண்ணிடம், "உக்காருங்கம்மா. ரொம்ப நேரம் ஆகாது," என்றார்.